ஞாயிற்றுக்கிழமை உடைந்த பதினோராம் நம்பர் ஊசி

நான் இருபத்தாறு வருடம் ஊசி கொடுத்தேன். அதுதான் வேலை. பனியன் கம்பெனியில் ஊசிக்கென்று தனி அறை உண்டு. டைலர் உடைந்த ஊசியைக் கொண்டுவந்தால் புது ஊசி கொடுப்பேன். கொண்டுவராவிட்டால் கொடுக்க மாட்டேன். வேறொன்றும் இல்லை.

இப்போது அந்த அறையில் இருப்பவர்கள் கம்பெனி ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னார்கள். துணிக்குள் ஊசி இருந்தால் காட்டிக்கொடுக்கிற புது டிடெக்டர் வந்திருக்கிறதாம். எல்லாவற்றையும் அதுவே கம்ப்யூட்டரில் எழுதிக்கொள்கிறதாம். “பழைய மெஷின்ல பன்னிக்கறி செக் பண்ணுனீங்களாமா, நெசமாங்க?” என்று போனில் கேட்டார்கள். நிஜம்தான். எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளவும்.

மங்கலத்தில் நாலு வருடம் தறி ஓட்டினேன். காது போய்விடும் என்று அம்மா பயந்தாள். திருப்பூருக்கு வந்து பீஸ் அடுக்கினேன். பிறகு செக்கிங். பிறகு ஊசி அறை. கதவைத் திறந்து உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

ஊசி உடைந்தால் செய்ய வேண்டியது இது. மெஷினை நிறுத்த வேண்டும். டைலர் எழுந்திருக்கக் கூடாது. பக்கத்து இரண்டு டைலர்களும் எழுந்திருக்கக் கூடாது. காந்தத்தை வைத்துத் துண்டுகளைப் பொறுக்க வேண்டும். பேப்பரில் துண்டுகளைச் சேர்த்து வைத்து, லென்சில் பார்த்து, முழு ஊசியின் நீளம் வருகிறதா என்று அளக்க வேண்டும். வந்தால் டேப் ஒட்டிக் கையெழுத்து. வராவிட்டால் அந்த இடத்திலிருந்த துணி எல்லாம் டிடெக்டருக்குப் போகும். அதிலும் கிடைக்காவிட்டால் எரிக்க வேண்டும். எல்லாம் குழந்தைச் சட்டை. எங்கோ ஒரு நாட்டில் ஒரு பிள்ளையின் கழுத்தில் குத்தும். அதற்காகத்தான்.

ஒரு தடவை ஒரு முனைக்காக ஒரு லைன் முழுக்க மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டு மணி அடித்தது. நான் விடவில்லை. திட்டினார்கள். ஒரு அம்மா, “உனக்குப் பொண்ணு குடுத்தவன் எந்தக் கெணத்துல உளுந்தானோ” என்றாள். முனை அந்த அம்மாவின் கொண்டைப் பூவில் இருந்தது. அவளே எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். அதுமுதல் என்னோடு யாரும் வாதாடுவதில்லை.

முதலாளி மட்டும் வாதாடுவார். அவரும் டைலராக இருந்து வந்தவர். ஒரு மெஷினில் தொடங்கி நூற்றுக்கு மேல் வைத்தார். குரல் உயர்த்த மாட்டார். நல்ல மனநிலையில் இருந்தால் “டேய் ரங்கா” என்பார். கோபம் வந்தால் மரியாதை ஏறும். “ஏனுங்க ரங்கசாமி” என்றால் ஆபீசே அமைதியாகிவிடும். ஒரு சாயப்பட்டறைக்காரரை “வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க” என்று சொல்லியே அழ வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி பன்னிக்கறிக்குக் காரணமான இத்தாலிக்காரர். பெயர் பவுலோ. எங்களிடம் சட்டை வாங்குகிற வெளிநாட்டு பையருக்காகத் துணியைப் பார்த்து பாஸ் போடுகிறவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கண்டெய்னர் கிளம்பும். ஒரு முறை சாயம் ஒரே மாதிரி வரவில்லை. நான்கு நாளில் போக வேண்டியவர் ஐந்து வாரம் தங்கினார். கெஸ்ட் ஹவுசில் ஐந்து வாரமும் இட்லி. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. எங்கள் சட்டை நாடாவில் ஒரு முழம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மெர்ச்சண்டைசர் ஜெனிபர்தான் அவருக்கும் எங்களுக்கும் நடுவில் பேசுகிற பெண். திருநெல்வேலிப் பக்கம். அவள் வந்து முதலாளியிடம் சொன்னாள்.

“சார், அவருக்கு அவங்க அம்மா பன்னிக்கறிய குடல்ல அடைச்சு செய்த சாசேஜ் ஞாபகமாவே இருக்காம். நேத்து சட்டைக் கையை அளக்கும்போது அதையே நினைச்சிட்டு ரெண்டு தடவை தப்பா அளந்துட்டாராம்.”

“தப்பா அளந்தா நமக்கல்லம்மா கஷ்டம்?” என்றார் முதலாளி. கொஞ்சம் யோசித்தார். “ஊட்டுக்கு வந்த ஒறம்பரை எளைச்சுப் போகக் கூடாது. ஞாயித்துக்கிழமை நம்ம ஊட்டுலயே செஞ்சு போடலாம்.”

வீட்டில் அவருடைய மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “கோழி சொல்லுங்க, ஆடு சொல்லுங்க, செய்யறேன். பன்னி என்ற அடுப்புல ஏறாது.”

அதனால் கார் ஷெட். காரை வெளியே நிறுத்திவிட்டு, கட்டிங் டேபிள் ஒன்றைக் கம்பெனியிலிருந்து கொண்டுபோய்ப் போட்டோம். நூல் கட்டத் தெரிந்தவன் என்று என்னையும் வரச் சொன்னார்கள்.

பவுலோ சனிக்கிழமையே ஸ்பெக் ஷீட் கொடுத்துவிட்டார். சட்டைக்குக் கொடுக்கிற அதே ஷீட். படம் வரைந்து, இரண்டு பக்கமும் அம்பு போட்டு, நீளம் பதினைந்து சென்டிமீட்டர், ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம் என்று இருந்தது. தோள்பட்டைக் கறி ஏழு பங்கு, கொழுப்பு மூன்று பங்கு. கிலோவுக்கு இருபத்தைந்து கிராம் உப்பு. மிளகு, சோம்பு, பூண்டு, ஒரு தம்ளர் சிவப்பு ஒயின். முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

“மொளகாத்தூள் எங்கம்மா? மறந்துட்டானா?”

“இல்ல சார். அதுல மிளகாய் கிடையாதாம்.”

“கேட்டுப் பாரு. மறந்திருப்பான்.”

கேட்டாள். பவுலோ தலையை ஆட்டினார். முதலாளிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் பையர் ஸ்பெக். மாற்ற முடியாது.

வெண்பன்றிப் பண்ணை பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கே கறியும் குடலும் வந்தது. குடலை ஜெனிபர் கல் உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தாள். “எங்க ஊர்ல ஈஸ்டர்னா பன்னிக்கறிதான் அண்ணாச்சி. ஆனா இத மாதிரி யாரும் குழாய்க்குள்ள அடைக்க மாட்டாவ” என்றாள். உள்பக்கத்தை வெளியே திருப்புவது என் வேலை. மூங்கில் குச்சியை விட்டுத் திருப்பினேன். தோள் நாடாவைத் தைத்துவிட்டுத் திருப்புகிற மாதிரிதான். வழுக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

திருப்பியதும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். இரண்டு இடத்தில் ஓட்டை. பவுலோ சட்டைப் பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்தார். துணியில் பழுது இருந்தால் ஒட்டுகிற ஸ்டிக்கர். குடலில் ஒட்டப் பார்த்தார். ஈரத்தில் ஒட்டவில்லை. மூன்றாவதும் விழுந்தபோது அவர் முகம் வாடிவிட்டது. நான் கத்தரியால் அந்த இடத்தை வெட்டி எடுத்தேன். அப்புறம் தெளிந்தார்.

கறியை அரைக்கும்போதும் பிசையும்போதும் ஐஸ் மாதிரி இருக்க வேண்டுமாம். சூடு ஏறினால் கொழுப்பு உருகிவிடும். ஒரு பெரிய சட்டியில் ஐஸ் கட்டி போட்டு, அதற்குள் கறிச் சட்டியை வைத்தோம். பிசைகிறேன் என்று முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். பவுலோவின் அம்மா வீடியோ காலில் வந்தார். வயசான அம்மா. முதலாளியைப் பார்த்து ஏதோ சத்தம் போட்டார்.

“என்னங்கறாங்க?”

“இன்னும் அழுத்திப் பிசையணுமாம் சார். தூங்குற மாதிரி பிசையுறீங்களாம்.”

“சரிங்கம்மா” என்றார் முதலாளி போனைப் பார்த்து. கால் மணி நேரம் பிசைந்தார். இரண்டு கையும் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒயின், கறி, ஐஸ் தண்ணீர் எல்லாம் முழங்கை வரை.

புனல் வைத்து அடைத்தோம். சாயம் போடாத பருத்தி நூலால் நான் கட்டினேன். டேப் வைத்து அளந்து கட்டினேன். முப்பத்தெட்டு வந்தது. ஒன்றும் அளவு மாறவில்லை.

ஆனால் உள்ளே காற்றுக் குமிழ் இருந்தது. அதைக் குத்தி வெளியேற்ற வேண்டுமாம். இல்லாவிட்டால் சுடும்போது வெடிக்கும். முதலாளி மனைவி ஒரு ஊக்கைக் கொடுத்தார். பவுலோ அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். துரு.

“டேய் ரங்கா, கம்பெனிக்குப் போய் ஒரு ஊசி எடுத்துட்டு வா.”

“ஊசி கம்பெனிய உட்டு வெளிய போகாதுங்க.”

“கம்பெனி யாருது?”

“உங்களுதுங்க.”

“அப்பறம்?”

“கேட் பாஸ் போடோணுங்க.”

“போட்டுட்டு வாடா.”

போட்டேன். ‘ஊசி, பதினோராம் நம்பர், ஒன்று. திரும்ப வரும்.’ வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதைச் செய்திருக்கக் கூடாது. அது என் தப்பு. இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு ஊசிதான் என் கையால் கேட்டைத் தாண்டியது.

வந்ததும் முதலாளி ஊசியை வாங்கிக்கொண்டார். “நான் பார்க்காத ஊசியா” என்றார். இடது கையில் சாசேஜைப் பிடித்துக்கொண்டு வலது கையால் குத்தினார். முப்பத்தேழு நன்றாகப் போனது. கடைசியில் கொழுப்பு கல் மாதிரி உறைந்திருந்தது. அழுத்தினார். டக் என்றது.

“யாரும் நகரக் கூடாது” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஊசியின் அடிப்பாகம் முதலாளி கையில் இருந்தது. நடுத்துண்டு டேபிளில் கிடந்தது. முனை இல்லை.

காந்தம் கட்டிய துடைப்பத்தைக் கம்பெனியிலிருந்து வரவழைத்தேன். கார் ஷெட் முழுக்கத் தள்ளினேன். இரண்டு போல்ட், ஒரு கொண்டை ஊசி, மூன்று பாட்டில் மூடி வந்தன. முனை வரவில்லை. எல்லோர் செருப்பையும் பார்த்தேன். பவுலோ தானாகவே பேன்ட் மடிப்பை உதறிக் காட்டினார். முனை எதற்குள்ளோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஒருவரும் சாப்பிட முடியாது.

முப்பத்தெட்டையும் பிளாஸ்டிக் தட்டில் அடுக்கி, காரில் வைத்துக் கம்பெனிக்குப் போனோம். முதலாளியும் வந்தார். கையைக் கூடக் கழுவவில்லை.

டிடெக்டர் ஒரு சின்ன சுரங்கம் மாதிரி இருக்கும். கீழே பெல்ட் ஓடும். இரும்பு இருந்தால் கத்தி நின்றுவிடும். கதவுக்கு முன்னால் தரையில் ஒரு சிவப்புக் கோடு. உள்ளே வந்த எதுவும் செக் பண்ணாமல் கோட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது. முதலில் டெஸ்ட் கார்டை ஒன்பது இடத்தில் வைத்து மெஷின் சரியாகக் கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன்.

“சீக்கிரண்டா. ரெண்டு மணியாச்சு” என்றார் முதலாளி.

ஒன்பதும் பார்த்த பிறகுதான் விட்டேன். எல்லோரும் வாட்சைக் கழற்றினார்கள். பிளாஸ்டிக் தாள் விரித்து ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்று போனது. இரண்டு போனது. சாசேஜ் வரிசையாகச் சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தது. அந்தப் பக்கம் பவுலோ நின்று எண்ணி எண்ணி எடுத்தார். இருபத்தொன்பதாவது கத்தியது.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். நான் அதைத் தனியே எடுத்து வெட்டினேன். லென்சை வைத்தேன். அரை நகம் அளவுக்கு ஒரு துண்டு இருந்தது. ஊசிதான். ஆனால் நடுவில் ஓட்டை. உள்ளே குழாய்.

“இது நம்ம ஊசி இல்லீங்க” என்றேன்.

ஜெனிபர் எட்டிப் பார்த்தாள். “அய்யோ அண்ணாச்சி, இது பன்னிக்குப் போட்ட ஊசில்லா! டாக்டர் ஊசி உள்ளேயே ஒடிஞ்சிருக்கு.”

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ஒண்ணு போச்சு, ஒண்ணு வந்துச்சு. சரியாப் போச்சு. எடுத்துட்டு வா, அடுப்புப் பத்த வெக்கலாம்.”

“சரியாப் போகலீங்க. நம்ம முனை இன்னும் வரலீங்க.”

மிச்ச ஒன்பதையும் விட்டேன். ஒன்றும் கத்தவில்லை. முப்பத்தேழையும் மறுபடி விட்டேன், திருப்பிப் போட்டு. கத்தவில்லை.

“இப்ப என்ன?” என்றார் முதலாளி.

“முனை கெடைக்கலீன்னா எல்லாத்தையும் எரிக்கோணுங்க.”

“சாசேஜயா?”

“ஆமாங்க.”

“மெஷின்தான் பாஸ் பண்ணிருச்சே?”

“முனை எங்கயோ இருக்குதல்லங்க. எங்கன்னு தெரியாம பாஸ் போட முடியாதுங்க.”

ஜெனிபர் பவுலோவிடம் சொன்னாள். அவர் சாசேஜைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய கம்பெனி எழுதிக் கொடுத்த சட்டம்தான் அது. ‘ரங்கசாமி சொல்வது சரி’ என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

முதலாளி இடது கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

“ஏனுங்க ரங்கசாமி.”

ஜெனிபர் ஒரு அடி பின்னால் போனாள்.

“சொல்லுங்க.”

“நீங்க ரொம்ப நல்லா வேலை பாக்கறீங்க. நாளைல இருந்து ஊசி ரூமுக்கு வர வேண்டாமுங்க. பேக்கிங்ல பீஸ் மடிக்கப் போயிருங்க.”

என் மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசியிருந்தோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தேன். அதை நினைத்தேன். நினைத்து ஒன்றும் ஆகப் போவதில்லை.

“சரிங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க. இன்னைக்கு நான்தானுங்க.”

“இன்னைக்கு நீங்கதானுங்களா? சரீங்க. இங்க பாருங்க, நானே உடறேன்.”

தட்டை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போனார். இடது கையால் தட்டைச் சுரங்கத்துக்குள் தள்ளினார். மெஷின் கத்தியது.

எல்லோரும் தட்டைப் பார்த்தோம். நான் தட்டை மட்டும் பெல்ட்டில் வைத்து விட்டேன். கத்தவில்லை. முதலாளி மறுபடி தள்ளினார். கத்தியது.

“மெஷின் கெட்டுப் போச்சு” என்றார்.

“கையை மட்டும் உடுங்க.”

வெறும் கையை விட்டார். கத்தியது. வலது கையை விடச் சொன்னேன். கத்தவில்லை. இடது கை. கத்தியது. மோதிரத்தைக் கழற்றினார். அது தங்கம். மெஷினுக்குத் தங்கம் தெரியாது. இருந்தாலும் கழற்றினார். கத்தியது.

ஜெனிபர் வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு பாத்ரூம் பக்கம் ஓடினாள்.

கையைக் கழுவச் சொன்னேன். ஒயினும் கறியும் போனது. இடது கட்டைவிரலில், நகத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. ஐஸில் பிசைந்த கை மரத்துப் போயிருந்திருக்கிறது. ரத்தம் வந்ததும் ஒயினில் தெரியவில்லை. போதாததற்கு அது பழைய டைலர் விரல். எத்தனை ஊசியோ பார்த்து, செருப்புத் தோல் மாதிரி ஆகியிருந்தது. “முனை இதுலதானுங்க இருக்குது” என்றேன்.

“ஆமாண்டா” என்றார் முதலாளி, விரலையே பார்த்துக்கொண்டு. “வலிக்குது.”

“இப்பத்தானுங்களா?”

“நீ சொன்னதுக்கப்பறம் ரொம்ப வலிக்குது.”

கதவைப் பார்த்து நடந்தார். நான் குறுக்கே நின்றேன்.

“எங்கீங்க?”

“டாக்டர் ஊட்டுக்கு.”

“கோட்டைத் தாண்டக் கூடாதுங்க. நீங்க இன்னும் பாஸ் ஆகலீங்க.”

அவர் பவுலோவைப் பார்த்தார். பவுலோ தமிழ் தெரியாதவர். ஆனால் சிவப்புக் கோட்டைக் காட்டித் தலையை ஆட்டினார்.

முதலாளி திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் ஸ்பிரிட்டில் துடைத்த இடுக்கியால் எடுத்தேன். ஒரே இழுப்பில் வந்தது. அவர் சத்தம் போடவில்லை. டைலர்.

மூன்று துண்டையும் பேப்பரில் சேர்த்தேன். லென்சில் பார்த்தேன். உடைந்த வாய் பொருந்தியது. நீளம் அளந்தேன். முழு ஊசி. டேப் ஒட்டினேன். ‘ஊசி உடைத்தவர்’ என்கிற இடத்தில் முதலாளி பெயரை எழுதினேன். ‘முனை கிடைத்த இடம்’ என்கிற இடத்தில் ‘அதே ஆள்’ என்று எழுதினேன். முதலாளி கையெழுத்துப் போட்டார். பவுலோ சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கீழே பாஸ் என்று முத்திரையும் குத்தினார். பன்றி ஊசியைத் தனியாக ஒட்டி, ‘வெளி ஊசி’ என்று எழுதினேன். அந்த ஒரு சாசேஜை எரித்தோம்.

அப்புறம் முதலாளியின் கையை மூன்று தடவை மெஷினில் விட்டேன். கத்தவில்லை. கோட்டைத் தாண்டச் சொன்னேன். தாண்டினார்.

நான்கு மணிக்குச் சாப்பிட்டோம். ஷெட்டில் செங்கல் அடுக்கிக் கரியில் சுட்டது. நன்றாகத்தான் இருந்தது. சோம்பு கொஞ்சம் தூக்கல். எல்லோரும் மெல்ல மெல்ல, நாக்கால் தடவித் தடவி மென்றார்கள். நான் எப்போதும் போலச் சாப்பிட்டேன். பவுலோ ஒன்பது சாப்பிட்டார். ஒன்பதாவதை அம்மாவுக்குப் போனில் காட்டிவிட்டுச் சாப்பிட்டார். முதலாளி மனைவி ஜன்னலிலிருந்து, “வாசம் என்னமோ நல்லாத்தான் இருக்குது” என்றார். இறங்கி வரவில்லை. கணவரின் விரலைப் பார்த்ததும், “மொதல்ல போயி டி.டி. ஊசி போட்டுட்டு வாங்க” என்றார்.

நான்தான் கிளினிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் பேக்கிங்கில் எந்த டேபிள் கிடைக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் கையைத் துடைத்து ஊசி போட்டாள். எடுத்ததும், “ஒரு நிமிஷம் அதைக் காட்டுங்க” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. காட்டினாள். நான் வெளிச்சத்தில் பிடித்து முனையைப் பார்த்தேன்.

“முழுசா இருக்குதுங்க” என்று முதலாளியிடம் சொன்னேன்.

அவர் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டார்.

“நாளைக்கு ஊசி ரூமுக்கே வந்துரு” என்றார்.

“சரிங்க.”